லத்தீன் காத்திருக்கட்டும்

மே மாதக் கடைசியில் தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு நடை நடந்தால் போதும், பள்ளி திறக்கப்போகிறது என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கையில் சீருடைப் பை, மறு கையில் ஷூ டப்பா, நடுவில் சிணுங்கும் பிள்ளை. மயிலாப்பூர் நோட்டுக் கடைகளில் பிரவுன் அட்டைக்கும் லேபிளுக்கும் கூட்டம் முண்டும். இதே நாட்களில் சாந்தோம், மந்தைவெளி, பெசன்ட் நகர் பக்கம் ஒருசில வீடுகளில் வேறு மாதிரித் தயாரிப்பு நடக்கிறது. சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி அப்போதுதான் முடிந்திருக்கும். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அடுத்த ஓராண்டில் வீட்டுப் பள்ளியில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதத் தொடங்குகிறார்கள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இவை. எண்ணிக்கையில் சிறியவை, அக்கறையில் பெரியவை. அவற்றிலும் சில 'கிளாசிக்கல்' முறை என்று ஒன்றைப் பின்பற்றுகின்றன. பாடத்திட்டத்தை முடிப்பதைவிட நல்ல நூல்களும் நல்ல மொழியும் பக்தியும் சேர்ந்து பிள்ளையை வளர்க்க வேண்டும் என்பது அந்த முறையின் ஆசை. ஆசை அருமையானது. ஆனால் இலக்குப் பட்டியலைப் பார்த்தால், அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து அச்சு மாறாமல் இறங்கியிருக்கிறது. மந்தைவெளியில் ஆறு வயதுப் பிள்ளை லத்தீன் வேற்றுமை உருபுகளையும் அமெரிக்க அதிபர்களின் வரிசையையும் மனப்பாடம் செய்கிறது. அதே பிள்ளைக்குத் தமிழில் ஒரு பத்தி வாசிக்க நாக்கு தடுமாறுகிறது. புதிய இலக்குகளை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த முறை வந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். 1947-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி சேயர்ஸ் என்ற எழுத்தாளர் ஓர் உரை நிகழ்த்தினார். துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றவர், ஆழ்ந்த கிறிஸ்தவர். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று படிகளில் கல்வி நடந்தது. அந்தப் படிகள் பிள்ளையின் வளர்ச்சியோடு பொருந்துகின்றன. கற்கும் கருவிகளையே நாம் தொலைத்துவிட்டோம் என்றார். பல ஆண்டுகள் அந்த உரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1981-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்ற சிற்றூரில் லோகாஸ் பள்ளி தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டக்ளஸ் வில்சன் 1991-இல் எழுதிய புத்தகம் சேயர்ஸின் உரையைத் தேவாலயங்களுக்குள் கொண்டுபோனது. 1999-இல் சூசன் வைஸ் பாவர் தன் தாயுடன் சேர்ந்து எழுதிய வழிகாட்டி வீடுகளுக்குள் கொண்டுபோனது. அங்கிருந்து இணையம் வழியாகச் சென்னைக்கு.

வழியில் ஒரு விஷயம் விடுபட்டுப்போயிற்று. சேயர்ஸ் தன் திட்டத்தை ஏறக்குறைய ஒன்பது வயதிலிருந்து தொடங்கும்படிதான் வகுத்தார். பிள்ளைக்கு வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் முன்பே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசினார். தன் சொந்த வீட்டில் போதகரான தந்தையிடம் ஆறு வயதில் லத்தீன் தொடங்கியவர் அவர். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த வயதை விதிக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு வயதுக்காரர்கள் அவருடைய மூன்று படிகளுக்கும் முந்தியவர்கள். 2013-இல் கெவின் கிளார்க்கும் ரவி ஜெயினும் எழுதிய நூல் இந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றது. இலக்கணம், தர்க்கத்துக்கு முன்னால் பக்தி, உடற்பயிற்சி, இசை ஆகிய மூன்றும் பிள்ளைக்குள் இறங்க வேண்டும் என்கிறார்கள். இங்கே இசை என்றால் பாட்டு மட்டுமில்லை. கதை, கவிதை, வியப்பு எல்லாம் அதில் அடக்கம். சின்னப் பிள்ளைகளுக்கான இலக்குகளை எழுத உட்காரும் பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான்.

அடுத்த கேள்வி, எந்த மொழியில்? லத்தீனில் படித்தால் பழைய அறிவோடு நேரடித் தொடர்பு கிடைக்கும் என்பது ஐரோப்பியப் பெற்றோரின் நியாயம், அவர்களுக்கு அது சரி. சென்னைப் பிள்ளைக்கோ ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள செம்மொழி பாட்டியின் வாயிலேயே இருக்கிறது. 2004-இல் மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டாலும் இது உண்மைதான். இந்த மொழியில் கிறிஸ்தவக் கல்விக்கும் ஏறக்குறைய 450 ஆண்டு வரலாறு இருக்கிறது. இறக்குமதிப் பட்டியலில் தேடுவதில் பாதி இங்கேயே, இன்னும் வலுவாகக் கிடைக்கும்.

எழுத்தில் தொடங்கலாம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய போதகர் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு சென்னையில் அதே மணலை இன்னொரு போதகர் பார்த்தார். ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துக்காரர். 1789-இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதையே தன் பள்ளியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். ஜான் ஃபிரிஸ்கென் என்ற மாணவனையே சின்னவர்களுக்குச் சொல்லித்தரும்படி வைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்றுத்தரும் இந்த ஏற்பாட்டை 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார் பெல். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான் அங்கே 'மானிட்டர்' ஆனான் என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டுப் பள்ளிக்கு இதில் இரண்டு இலக்குகள் தயாராக இருக்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்காமல் தாம்பாளத்தில் மணலோ அரிசியோ பரப்பி, ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. அடுத்தது, எட்டு வயது அக்கா தினமும் பத்து நிமிடம் தம்பிக்கு வாசித்துக் காட்டுவது. சொல்லிக்கொடுக்கும்போது அக்காவுக்கும் பாடம் ஊன்றும், அம்மாவுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஏகாரம், ஓகாரம் வரும் நாளில் வீரமாமுனிவரின் கதையைச் சொல்லலாம். ஓலைச்சுவடி எழுத்தில் குறிலும் நெடிலும் தெளிவாகப் பிரியாத குழப்பத்தை நீக்கியவர் அவர் என்பது மரபு. இத்தாலியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் தான் எழுதும் எழுத்தைத் திருத்தினார் என்று தெரிந்தால் பிள்ளையின் கண் விரியும்.

திண்ணைப் பள்ளியைப் புகழும்போது அதன் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். பிரம்பு இருந்தது, கடுமையான தண்டனைகள் இருந்தன. பெரும்பாலான பெண் பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏறவே முடியவில்லை. தரங்கம்பாடி மிஷன் 1707-இலேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதன் அருமை அப்போதுதான் புரியும். தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்வியின் பெருமை, கதவைத் திறந்து வைத்ததில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் படிக்கும் பிள்ளைகள் இதை மறந்துவிடக் கூடாது. தெருப் பிள்ளைகளோடு விளையாட்டு, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகளும் வாசிக்க உட்காரும் ஒரு மாலை வேளை ஆகியவை 'பிற செயல்பாடுகள்' என்று கடைசி வரியில் போக வேண்டியவை அல்ல. பட்டியலின் மேலே வர வேண்டும்.

அடையாறுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி மகன் மரியோவுடன் சென்னை வந்தார். அடையாறில் சபை வளாகத்தில் நடந்த முதல் பயிற்சிக்கு நாடெங்கிலுமிருந்து ஆசிரியர்கள் கூடினார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் அம்மாவும் மகனும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரி அடையாறிலேயே இருத்தப்பட்டார். அவருடைய 70-ஆவது பிறந்த நாளையொட்டி மகனை விடுவித்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இந்தியாவில் தங்கிவிட்டார். இரண்டாண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அவருடைய நூல்கள் சிலவற்றைக் கலாக்ஷேத்ரா வெளியிட்டது.

கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் பிரம்மஞான சபைத் தொடர்பைப் பார்த்து மாண்டிசோரியை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அவர் கத்தோலிக்கர், பிள்ளைகள் தேவாலய வழிபாட்டில் எப்படிப் பங்கேற்பது என்று 1929-இலேயே அவர் பெயரில் ஒரு நூல் வந்தது. அந்தச் சிந்தனையை எடுத்துக்கொண்டு 1954-இல் ரோமில் சோஃபியா கவலெட்டி என்ற வேதாகம அறிஞர், ஜன்னா கொப்பியுடன் சேர்ந்து மூன்று வயதிலிருந்தே தொடங்கும் மறைக்கல்வியை உருவாக்கினார். நல்ல மேய்ப்பன் உவமையைச் சின்ன மரப் பொம்மைகளை நகர்த்தி மெதுவாகச் சொல்வார்கள். பிறகு பிள்ளை தானே எடுத்து நகர்த்தும். ஆடுகள் யார் என்பதைப் பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்வதில்லை. பிள்ளையே ஒருநாள் கண்டுகொள்ளும் வரை பொறுக்கிறார்கள். நான்கு வயதுக்கு இதைவிடப் பொருத்தமான வேதபாடத்தைக் காண்பது அரிது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குக் கேள்வி-பதில். அமெரிக்கப் பட்டியல்களில் இதற்குப் பெரிய இடம் உண்டு. தமிழில் இதன் வயது பிரமிக்கவைப்பது. இந்தியாவில் தமிழில் அச்சான முதல் நூலே கிறிஸ்தவப் போதனை நூல்தான்: 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம், அண்டிரிக் அடிகளார் என்ற என்றிக்கே என்றிக்கஸ் தந்தது. அடுத்த ஆண்டே வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியரும் மாணவரும் கேட்டுச் சொல்லும் வடிவில் அமைந்தது. அதே வினாவிடை வடிவத்தில் மிஷனரி ஜி.யு. போப் தமிழ் இலக்கணத்தையே சிறுவர்களுக்கு எழுதினார். எழுத்து என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் சொல்லும் நூல். கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இலக்கண நூல்களும் நிகண்டுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில இலக்கணப் பயிற்சி நூலை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு முன் ஒரு மாலை அவற்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு தயக்கம் தலைகாட்டும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், கம்பன் என்று போனால் நம் பிள்ளையின் விசுவாசம் என்னாகும்? நேர்மையான கேள்வி, பழைய கேள்வியும்கூட. கிரேக்கப் புலவர்களைக் கிறிஸ்தவ இளைஞர் எப்படி வாசிக்க வேண்டும் என்று நான்காம் நூற்றாண்டிலேயே பெரிய பசிலியார் ஓர் உரை எழுதினார். படியுங்கள், நல்லதைத் தேர்ந்து எடுங்கள் என்பதே அதன் சாரம். தமிழில் இதற்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையே நிற்கிறது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். போப் தொடங்கிய சாயர்புரம் கல்வி நிலையத்தில் தமிழ் ஆசிரியராகச் சேர்ந்தார். 1858-இல் மயிலாப்பூர் தூய தாமஸ் ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பன்யனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளிவந்தது. கம்பனின் ஓசை அவருக்குள் இல்லாதிருந்தால் அந்தக் காப்பியம் பிறந்திருக்காது. கிருஷ்ண பிள்ளையை வாசிக்கும் நாள் பிள்ளைக்கு வர வேண்டுமென்றால் ஔவையாரிடம் இன்றே தொடங்க வேண்டும். ஆத்திசூடி 109 வரி. வாரத்துக்கு மூன்று என்றாலும் ஒரு கல்வியாண்டுக்குள் முடிந்துவிடும்.

பாட்டுக்கு வந்தால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த இவர், மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் படித்தவர். மன்னர் இரண்டாம் சரபோஜி இவருடைய உடன்மாணவர். பின்னாளில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். இவருடைய கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் ஒலிக்கின்றன. 'பெத்லகேம் குறவஞ்சி'யில் பக்தியோடு வான நூலும் பூகோளமும் கலந்து வருகின்றன. கோள்களின் புதிய அறிவியலைக் குறத்தி பாடும் நாட்டிய வடிவில் வைத்தவர் அவர். பக்தியையும் இயற்கை அறிவையும் இசையில் சேர்ப்பது எப்படி என்று மேலைக் கல்வியாளர்கள் இன்று தேடுவதற்குத் தஞ்சாவூரில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். மாதம் ஒரு கீர்த்தனை போதும். பாட்டி அருகில் இருக்கும் வீடு பாக்கியம் செய்தது. ராகத்தோடு அவருக்குத்தான் தெரியும்.

வரலாற்றுக்கும் இயற்கைக்கும் சென்னையில் தனிப் புத்தகமே வேண்டாம், கால் வேண்டும். லஸ் தேவாலயம் 1516-ஐச் சேர்ந்தது. சாந்தோமின் இப்போதைய பேராலயம் 1896-இல் எழுந்தது. தோமா கி.பி. 52-இல் வந்தார், மயிலையில் மரித்தார் என்ற மரபை அங்கே நின்று சொல்லலாம். மரபு என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அங்கிருந்து மெரினாவுக்குப் போனால் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவிய சிலைகளில் வீரமாமுனிவரும் போப்பும் கால்டுவெலும் நிற்கிறார்கள். சூசன் பாவரின் வழிகாட்டி வரலாற்றைப் பண்டைக் காலத்தில் தொடங்கச் சொல்கிறதா? எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருட்களைப் பார்த்தபிறகு எகிப்துக்குப் போகலாம். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய தொல்காப்பியப் பூங்காவில் 58 ஏக்கர் ஈரநிலம் மீட்கப்பட்டு, 2011-இல் திறக்கப்பட்டது. பறவை, நண்டு, அலையாத்திச் செடி எல்லாம் அங்கே உண்டு. நெய்தல் திணையைப் பிள்ளைக்கு விளக்க பெசன்ட் நகர் கடற்கரையைவிட நல்ல வகுப்பறை எது? பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் இரவு நடைக்கு மாணவர் குழு ஒன்று 1988 முதல் பொதுமக்களையும் அழைத்துப்போகிறது. விழித்திருக்கும் வயது வந்த பிள்ளைக்கு அந்த ஓர் இரவு ஓர் ஆண்டின் அறிவியல் பாடத்துக்கு ஈடு.

இத்தனைக்கும் பெரிய தடை பிள்ளை இல்லை, பெற்றோர்தான். தென்சென்னையில் முப்பதுகளில் இருக்கும் பலர் ஆங்கில வழியில் படித்து, இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்தவர்கள். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல்தான் வந்தது. அதுவும் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் படித்தவர்களில் தமிழ் வேதாகமத்தைச் சபையில் கேட்டு மட்டுமே பழகியவர்கள் உண்டு. ஆகவே இந்த ஆண்டின் பட்டியலில் முதல் வரி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரியதாக இருக்கட்டும்: தினமும் ஒரு சங்கீதம், தமிழில், சத்தமாக. பிள்ளையின் முன்னால் தடுமாறி வாசிப்பதில் வெட்கமில்லை. கற்றுக்கொள்ளும் பெரியவரைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் படிப்பின்மேல் மரியாதை தானாக வரும்.

சட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்ட முடியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதன் 10-ஆவது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சட்டம் குறிப்பிடவில்லை. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை. சான்றிதழுக்கு வழிகள் உண்டு. 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளை நடத்துகிறது. 14 வயதானால் அதன் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். பன்னிரண்டரை வயது நிறைந்தால் தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் இருக்கிறது. ஆறு வயதில் இவற்றுக்குப் பயிற்சி வேண்டாம். ஆனால் எந்த வழி என்று பெற்றோர் பேசி வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரியப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டின் இலக்கு ஒரு பக்கத்தைத் தாண்டினால் அதில் பாதியை அடித்துவிடலாம். காலையில் ஜெபமும் சங்கீதமும், ஆத்திசூடி, மணலில் எழுத்து, புளியங்கொட்டை வைத்துக் கணக்கு, ஒரு கதை கேட்டுத் திரும்பச் சொல்வது, மாதம் ஒரு கீர்த்தனை, வாரம் ஒரு வெளிநடை. ஆங்கிலம் வீட்டில் எப்படியும் புழங்கும். அதற்கு நல்ல கதைப் புத்தகங்கள் போதும், அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அவை நிறையவே உண்டு. இவ்வளவுக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குமேல் உட்காரவைக்கத் தேவையில்லை. மீதி நேரம் பிள்ளை ஓடட்டும், உடற்பயிற்சியும் அந்தப் பழைய வரிசையில் உண்டல்லவா?

லத்தீன் வேண்டவே வேண்டாம் என்பதில்லை. பத்து வயதில், தமிழில் வேற்றுமை எட்டும் பிடிபட்ட பிறகு, விருப்பம் இருந்தால் தொடங்கலாம். அப்போது அது பிள்ளைக்கு இரண்டாவது செம்மொழியாக வரும். பெயர்ச்சொல் உருபு ஏற்று வேலை செய்யும் விதத்தைத் தமிழிலேயே பழகியிருப்பதால் பாதி இலக்கணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்க்கும் பெற்றோர், எத்தனை பாடம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பிள்ளை ஒரு சங்கீதத்தையும் ஒரு கீர்த்தனையையும் முழுதாகச் சொல்கிறதா, கேட்ட கதையைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறதா, ஒரு பறவையைப் பார்த்துப் பெயர் சொல்கிறதா என்று பார்க்கட்டும். சொன்னால் ஜனவரியில் இன்னொரு கீர்த்தனையைச் சேர்க்கலாம். சொல்லவில்லையென்றால் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, இருப்பதையே பொங்கல் வரை நிதானமாகத் திரும்பச் சொல்லிவரலாம்.